மைக்கை யாரிடம் கொடுப்பது? வில்லியம் சீமரிங்கின் வானொலிப் பணி: ஒரு நிகழ்வு ஆய்வு

1972 டிசம்பரில், வாஷிங்டனில் இருந்த அமெரிக்கப் பொது வானொலி அமைப்பான நேஷனல் பப்ளிக் ரேடியோ (என்.பி.ஆர்.) தன் முதல் நிகழ்ச்சி இயக்குநரை வேலையிலிருந்து நீக்கியது. அவர் பெயர் வில்லியம் சீமரிங். பழகியவர்களுக்கு பில். அவர் தொடங்கி வைத்த 'ஆல் திங்ஸ் கன்சிடர்ட்' என்ற மாலைச் செய்தி நிகழ்ச்சிக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை. 1972ஆம் ஆண்டுக்கான பீபடி விருது அந்த நிகழ்ச்சிக்குக் கிடைத்தது. அமெரிக்க ஒலிபரப்புத் துறையின் மிகப் பெரிய கௌரவங்களில் ஒன்று அது. விருது வந்தபோது சீமரிங் அந்தக் கட்டடத்தில் இல்லை. நிகழ்ச்சி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: நிர்வாகம் செய்யத் தெரியாதவர் என்று அனுப்பப்பட்ட ஒருவர் போட்ட பாதையை, அவரை அனுப்பிய நிறுவனமே ஏன் விடாமல் பிடித்துக்கொண்டது? அவர் வேலை பார்த்த ஊர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தால், எல்லா இடத்திலும் அவர் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறார் என்று தெரிகிறது. படித்தவர் பேசுவார், மற்றவர் கேட்பார் என்பதே கல்வி வானொலியின் இலக்கணமாக இருந்த காலம் அது. பேசுவதற்கு யாருக்கெல்லாம் இடம் உண்டு என்ற வட்டத்தை அவர் பெரிதாக்கிக்கொண்டே போனார்.

கோபுரம் தெரியும் தூரத்தில்

சீமரிங் 1934இல் பிறந்தவர். விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகருக்கு வெளியே, மாநிலப் பல்கலைக்கழக வானொலியான டபிள்யூ.எச்.ஏ.வின் கோபுரங்கள் வீட்டிலிருந்து தெரியும் தூரத்தில் வளர்ந்தார். படித்தது இரண்டே அறைகள் கொண்ட கிராமப் பள்ளிக்கூடத்தில். அந்த வகுப்பறைக்குள் வானொலி ஓர் ஆசிரியராக வந்தது. டபிள்யூ.எச்.ஏ. 1931இல் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தனி ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது. பல்கலைக்கழகத்தின் எல்லை மாநிலத்தின் எல்லை வரை நீள வேண்டும் என்பது விஸ்கான்சின்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கொள்கை. அதைக் காற்றலையில் செய்து காட்டியது இந்த நிலையம்.

அந்தப் பாடங்கள் எப்படி இருந்தன என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் விதை இங்கேதான் இருக்கிறது. 'ரேஞ்சர் மேக்' என்ற பெயரில் ஒருவர் காடு, பறவை, மண் என்று பேசுவார். கேட்டு முடித்த பிள்ளைகள் வெளியே போய் அதையெல்லாம் தேடிப் பார்ப்பார்கள். இசைப் பாடத்தில் மாநிலம் முழுக்கப் பல வகுப்பறைகள் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் பாடிப் பழகும். ஆண்டுக் கடைசியில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் மேடிசனில் கூடி, அதுவரை வானொலியோடு தனித்தனியாகப் பாடிய பாட்டுகளைச் சேர்ந்து பாடுவார்கள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஓவியப் பாடம். வானொலியில் ஓவியம்! பார்த்து வரைய எதிரே படமும் இல்லை, ஆசிரியர் கையும் இல்லை. ஒரு கதை, கொஞ்சம் இசை, ஒரு குரல். அவ்வளவுதான். ஒவ்வொரு பிள்ளையும் தன் மனதில் தோன்றியதை வரையும். பத்துப் பிள்ளைகள் கேட்டால் பத்துப் படம் வரும், பத்தும் சரி. கேட்பவரின் மனம் பாதி வேலையைச் செய்கிறது என்ற உண்மையை இதைவிட எளிமையாகக் காட்ட முடியாது. முதல் வகுப்பிலேயே இதை அனுபவித்த பிள்ளை பிற்காலத்தில் ஒரு நாட்டின் வானொலியைத் திட்டமிட உட்கார்ந்ததைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது அதே டபிள்யூ.எச்.ஏ.வில் வேலை பார்த்தார். அப்புறம் சில காலம் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்.

பஃபலோ: நிலையத்துக்கு வெளியே போன மைக்

1962இல் அவர் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்கு, அங்குள்ள பல்கலைக்கழக நிலையமான டபிள்யூ.பி.எஃப்.ஓ.வின் மேலாளராகப் போனார். மூன்று வயதே ஆன நிலையம், மாணவர்கள் கையில் இருந்தது.

அன்றைய கல்வி வானொலியின் நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். எஃப்.எம். அலைவரிசையின் கீழ்ப்பகுதியைக் கல்விக்கென்று அமெரிக்க அரசு ஒதுக்கியிருந்தது. 1948இலிருந்து வெறும் 10 வாட் சக்தியில் நிலையம் நடத்தவும் அனுமதி இருந்தது. 10 வாட் என்பது ஒரு சின்ன மின்விளக்குக்குப் போதுமான சக்தி. கல்லூரி வளாகத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் கேட்கும், அவ்வளவுதான். பல நிலையங்களில் வகுப்பறை விரிவுரையை அப்படியே பதிவு செய்து போடுவார்கள், மிச்ச நேரத்துக்கு இசைத்தட்டு. பணமும் இல்லை, ஆளும் இல்லை. யார் கேட்கிறார்கள் என்ற கவலைகூடப் பல இடங்களில் இல்லை.

சீமரிங் பஃபலோவில் முதலில் செய்தது, ஊரைச் சுற்றிப் பார்த்து, இந்த நிலையத்தில் யார் குரல் கேட்கவில்லை என்று கணக்கெடுத்தது. அருகிலேயே இராக்குவாய் பழங்குடியினர் வாழ்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேராசிரியரைப் பேசச் சொல்வது சுலபமான வழி. சீமரிங் அந்த மக்களிடமே போய், அவர்கள் குரலிலேயே ஒரு தொடர் தயாரித்தார். கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் வளாகத்துக்கு வெளியே ஒரு கிளை ஸ்டுடியோ திறந்தார். அந்தப் பகுதி மக்களே அங்கே நிகழ்ச்சி தயாரித்தார்கள், அது டபிள்யூ.பி.எஃப்.ஓ.வில் ஒலிபரப்பானது. ஸ்டுடியோவின் சாவியையே அந்த மக்கள் கையில் கொடுப்பது, 1960களின் அமெரிக்காவில், ஒரு பல்கலைக்கழக நிலையத்தின் மேலாளர் சாதாரணமாக எடுக்கும் முடிவு இல்லை.

1967இல் இன்னொன்று நடந்தது. மேரியன் அமாக்கர் என்ற இளம் இசையமைப்பாளர், பஃபலோ நகரின் பல இடங்களில் மைக்குகளை வைத்து, அங்கிருந்து வரும் ஓசைகளைக் கம்பி வழியாக நிலையத்துக்குக் கொண்டுவந்து கலந்து, 28 மணி நேரம் நேரலையில் விட்டார். ஒரு நகரம் ஒரு பகலும் ஓர் இரவும் தாண்டித் தன் ஓசையைத் தானே கேட்டது. எத்தனை மேலாளர்கள் தங்கள் அலைவரிசையை 28 மணி நேரம் இப்படி விட்டுக்கொடுத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நிர்வாகி ஒருவரை அவர் தயாரித்த நிகழ்ச்சியை வைத்து எடைபோடுவதைவிட, அவர் சரி என்று சொன்னவற்றை வைத்து எடைபோடுவது நியாயம்.

1970 வசந்தத்தில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் மாணவர் போராட்டம் வெடித்தது. வளாகத்துக்குள் போலீஸ், கண்ணீர்ப்புகை. நிலையம் இருந்ததோ மாணவர் மையக் கட்டடத்தில், போராட்டத்தின் நடுவில். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தப்பாகிவிடும், வாயை மூடிக்கொண்டு இசை போட்டாலும் தப்பு. டபிள்யூ.பி.எஃப்.ஓ. எல்லாத் தரப்பையும் பேசவிட்டது. எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள எல்லோருக்கும் பொதுவான ஓர் இடமாக அந்த நிலையம் இருந்தது. வாஷிங்டனுக்கு அவர் கொண்டுபோன பாடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பசை நாடாவால் ஒட்டிய இரண்டு சொற்கள்

வாஷிங்டனில் அதற்கு முன்பே ஒரு கதவு திறந்திருந்தது, அதுவும் மயிரிழையில். பொது ஒலிபரப்புக்கு அரசுப் பணம் தர வேண்டும் என்று 1967 ஜனவரியில் கார்னகி ஆணையம் அறிக்கை கொடுத்தபோது, அதில் தொலைக்காட்சி மட்டுமே இருந்தது. வானொலியை யாரும் நினைக்கவில்லை. கல்வி வானொலிக்காரர்கள் பதறிப்போய், ஜெரால்ட் சாண்ட்லர் தலைமையில் தங்கள் துறையின் நிலை பற்றி ஓர் ஆய்வறிக்கை தயாரித்து அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். சட்ட வரைவில் 'தொலைக்காட்சி' என்று வரும் இடங்களில் 'மற்றும் வானொலி' என்ற சொற்கள் கடைசி நேரத்தில் பசை நாடாவால் ஒட்டப்பட்டதாகத் துறையில் இன்றும் சொல்வார்கள். 1967 நவம்பர் 7 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். அதன் விளைவாக 1970இல் நேஷனல் பப்ளிக் ரேடியோ பிறந்தது. தொடக்க உறுப்பினர்களாகச் சுமார் 90 நிலையங்கள்.

அதன் முதல் இயக்குநர் குழுவில் சீமரிங்கும் இருந்தார். இந்த அமைப்பு எதற்காக என்று எழுதித் தரும் பொறுப்பு அவரிடம் வந்தது.

எழுதிய காகிதம்

நோக்க அறிக்கைகளைப் பொதுவாக யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை. இதைப் படிக்கலாம். பொது வானொலி தனிமனிதருக்குச் சேவை செய்யும் என்று தொடங்குகிறது. மனிதர்களுக்குள் இருக்கும் வேறுபாடுகளை ஏளனத்தோடும் வெறுப்போடும் பார்க்காமல் மதிப்போடும் மகிழ்ச்சியோடும் பார்க்கும் என்கிறது. 'மகிழ்ச்சி' என்ற சொல் ஒரு ஒலிபரப்பு நிறுவனத்தின் ஆவணத்தில் வருவதைக் கவனியுங்கள். செயலற்ற கையறு நிலைக்குப் பதிலாக, பங்கெடுத்து மாற்றம் செய்யலாம் என்ற உணர்வைக் கேட்பவருக்குத் தரும் என்கிறது. பல குரல்களிலும் பல வட்டார வழக்குகளிலும் பேசும் என்கிறது.

அறிக்கையின் நடைமுறைப் பகுதியும் முக்கியம். நாள்தோறும் வரும், இது இன்ன நிகழ்ச்சி என்று கேட்டதும் அடையாளம் தெரியும் ஒரு நிகழ்ச்சி வேண்டும் என்று அதில் இருந்தது. வாரத்துக்கு ஒரு பெரிய ஆவணப்படைப்பு என்று போயிருந்தால் விமர்சகர்கள் பாராட்டியிருப்பார்கள், மக்கள் பழக்கத்தில் வானொலி சேர்ந்திருக்காது. தினமும் ஒரே நேரத்தில் வருவதுதான் வீட்டு மனிதர் ஆகும். இந்த நுணுக்கம் அவருக்குத் தெரிந்திருந்தது.

முதல் தலைவராக வந்த டொனால்ட் குவேல், எழுதியவரையே அதைச் செய்து காட்டும்படி நிகழ்ச்சி இயக்குநர் ஆக்கினார்.

1971 மே 3, மாலை 5 மணி

முதல் ஒலிபரப்பு நாளில் வாஷிங்டன் வியட்நாம் போருக்கு எதிரான போராட்டத்தில் கொந்தளித்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு நாளில் மட்டும் 7,000 பேருக்கு மேல் கைதானார்கள். என்.பி.ஆர். இளைஞர்கள் ஒலிப்பதிவுக் கருவிகளோடு தெருவில் இறங்கினார்கள். பதிவு செய்த நாடாக்கள் மதியத்துக்கு மேல் மூட்டையாக வந்து சேர்ந்தன.

நாடாவை வெட்டி ஒட்டிய தலைமுறைக்கு அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: வழக்கமான வேகத்தில் ஒரு விநாடி ஒலி ஏழரை அங்குல நாடா. சுருளைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, ஒரு சொல் தொடங்கும் இடத்தைக் காதால் பிடித்து, மெழுகுப் பென்சிலால் குறி போட்டு, பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்ட வேண்டும். 20 நிமிடத் தொகுப்பு என்றால் 750 அடி நாடா. அதற்குள் எத்தனை வெட்டு, எத்தனை ஒட்டு! ஒலிபரப்பு தொடங்கியபோது அந்த நாடா தயாராகவில்லை. நியூயார்க் டைம்ஸில் செய்தியாளராக இருந்த ராபர்ட் கான்லிதான் தொகுப்பாளர். கையில் எழுத்து எதுவும் இல்லாமல், நாடா வரும் வரை அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் வந்து சேர்ந்த தொகுப்பு, கேட்பவரைத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தியது. ஹெலிகாப்டர் இரைச்சல், கூச்சல், சைரன். கூட்டத்துக்குள் மோட்டார் சைக்கிளை விடுவது ஓர் உத்தியா என்று செய்தியாளர் ஜெஃப் கேமன் ஒரு போலீஸ் அதிகாரியிடம் கேட்கிறார். அதெல்லாம் உத்தி இல்லை, நாங்கள் சாலையில் போகிறோம், ஆட்கள் குறுக்கே வருகிறார்கள் என்ற பொருளில் அவர் பதில் சொல்கிறார். இரண்டு குரலும் அப்படியே வருகின்றன. நடுவில் யாரும் தீர்ப்பு சொல்லவில்லை.

அதே ஒன்றரை மணி நேரத்தில் ஹெராயினுக்கு அடிமையான ஒரு செவிலியர் பேசினார். கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்கும் அவருடைய தந்தையும் போதைப்பொருள் பற்றித் தங்களுக்குள் விவாதித்தார்கள். அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் என்ற சிறு ஊரில், ஆண்கள் முடி வளர்க்கத் தொடங்கியதால் வருமானம் போன முடிதிருத்தும் கடை, பெண்களின் காலில் முடி மழிக்கும் வேலையை எடுத்துக்கொண்ட கதையும் வந்தது. தலைநகரின் பெரும் செய்தியும் சிற்றூர்க் கடையும் ஒரே பந்தியில். பஃபலோவில் செய்ததை நாட்டின் அளவுக்கு விரித்தால் இப்படித்தான் இருக்கும்.

நீக்கம்

சரி, அப்படியானால் ஏன் அனுப்பினார்கள்?

சீமரிங் ஆட்களை எடுத்தபோது அனுபவத்தைவிட ஆர்வத்தைப் பார்த்தார். வழக்கமான செய்தி வாசிப்புக் குரல்களை ஒதுக்கினார். எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும் என்று நினைத்தார். கூட்டங்கள் நீண்டன. தினமும் 90 நிமிடம் நிரப்ப வேண்டிய நிகழ்ச்சி சில நாள் அற்புதமாகவும் சில நாள் தட்டுத் தடுமாறியும் வந்தது. நிலைய மேலாளர்கள் குவேலிடம் முறையிட்டார்கள். கொள்கை சொல்லத் தெரிந்தவர், இயந்திரத்தை ஓட்டத் தெரியாதவர் என்ற முடிவுக்கு குவேல் வந்தார்.

குவேல் பக்கமும் நியாயம் இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 90 நிலையங்கள் மாலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும்போது, நாடா வரவில்லை என்று தினமும் சொல்ல முடியாது. ஆனால் சீமரிங் பக்கத்தில், கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு வலுவான ஆளை நிறுத்தியிருக்கலாம். குறையை நிரப்ப ஆள் போடாமல் மனிதரையே எடுத்துவிட்டார்கள். என் கணக்கில் அது பிழை.

முதல் கேள்விக்குப் பதிலும் இங்கேதான் கிடைக்கிறது. அவர் போன பிறகும் அவர் எடுத்த ஆட்கள் இருந்தார்கள், அவர் எழுதிய காகிதம் இருந்தது. அவர் கொடுத்திருந்தது உத்தரவாக இருந்திருந்தால் அடுத்து வந்தவர் வேறு உத்தரவு போட்டிருப்பார். அவர் விட்டுப்போனது கேட்கும் பழக்கம். ஒரு செய்தி வந்தால், இதில் இன்னும் யாரிடம் பேசவில்லை என்று கேட்கும் பழக்கம் அந்த ஆட்களின் கையில் ஊறிப்போயிருந்தது.

சிறிய ஊரும் வெளிநாடுகளும்

தேசிய அளவிலிருந்து இறங்கியவர்கள் பொதுவாக இன்னொரு தேசியப் பதவியைத் தேடுவார்கள். சீமரிங் மினசோட்டா மாநிலத்தின் மூர்ஹெட் என்ற சிறிய ஊருக்குப் போய், கே.சி.சி.எம். என்ற நிலையத்தைக் கவனித்துக்கொண்டார். புல்வெளிச் சமவெளி, விவசாயக் குடும்பங்கள், கடும் குளிர். 1978இல் பிலடெல்பியாவில் டபிள்யூ.எச்.ஒய்.ஒய். நிறுவனத்தின் வானொலிக்குப் பொறுப்பேற்றார். அங்கே டெர்ரி கிராஸ் என்ற பெண் 'ஃபிரெஷ் ஏர்' என்ற உள்ளூர் நேர்காணல் நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தார். அவர் தொழில் தொடங்கியது பஃபலோவில், சீமரிங் வளர்த்துவிட்டுப் போன அதே டபிள்யூ.பி.எஃப்.ஓ.வில். சீமரிங் காலத்தில் அந்த நிகழ்ச்சி 1985இல் வாரந்தோறும் நாடு முழுக்கப் போகத் தொடங்கி, 1987இல் தினசரி நிகழ்ச்சியானது.

பிறகு 'சவுண்ட்பிரிண்ட்' என்ற ஆவணத் தொடரின் தலைமைத் தயாரிப்பாளர். 1993இல், படைப்புத் திறன் உள்ளவர்களுக்குத் தரப்படும் மெக்கார்தர் நல்கை கிடைத்தது. ஏறத்தாழ அறுபது வயதில், ஓய்வை நினைக்க வேண்டிய நேரத்தில், தென்னாப்பிரிக்கா, மங்கோலியா என்று கிளம்பினார். அரசு வானொலி ஒன்றே எல்லாமாக இருந்த நாடுகளில் ஊர் மக்கள் தாங்களே நடத்தும் சிறு நிலையங்கள் அப்போது முளைத்துக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பயிற்சி தர 'டெவலப்பிங் ரேடியோ பார்ட்னர்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பல நிலையங்களில் கருவி பழையது, கரண்ட் போய்ப் போய் வரும், சம்பளம் கிடையாது. பஃபலோவின் கிளை ஸ்டுடியோவை இன்னும் ஏழ்மையான இடங்களில் மறுபடி கட்டியதாகவே நான் இதைப் பார்க்கிறேன்.

கோப்பில் இல்லாத ஒரு முடிவு

ஒன்று பாக்கி இருக்கிறது. 1972இல், சீமரிங் இன்னும் வாஷிங்டனில் இருந்தபோது, சூசன் ஸ்டாம்பெர்க் அந்த மாலை நிகழ்ச்சியின் தொகுப்பாளர் ஆனார். அமெரிக்காவில் தேசிய அளவில் தினசரி மாலைச் செய்தி நிகழ்ச்சியைத் தொகுத்த முதல் பெண் அவர். கண் முன்னால் முன்மாதிரி என்று ஆண்கள்தான் இருந்தார்கள். அதனால் தொடக்கத்தில் குரலைத் தாழ்த்தி, கனமாக்கி, அவர்களைப் போலப் பேசிப் பார்த்தார். சீமரிங் அவரிடம் சொன்னது சிறிய வாக்கியம்: நீங்கள் நீங்களாகவே இருங்கள்.

நிலைய மேலாளர்கள் சிலர் கொதித்தார்கள். பெண் குரலில் செய்திக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். பேச்சில் நியூயார்க் வாடை தூக்கலாக இருக்கிறது என்றார்கள். பல குரல்களிலும் பல வழக்குகளிலும் பேசுவோம் என்று எழுதிய காகிதத்துக்கு வந்த முதல் பெரிய சோதனை இது. சீமரிங் அந்தப் புகார்களைத் தன் மேசையிலேயே நிறுத்திக்கொண்டார். ஒரு வார்த்தைகூட ஸ்டாம்பெர்க் காதுக்குப் போகவில்லை. அவர் தினமும் மைக் முன்னால் உட்கார்ந்து, தன் சிரிப்போடும் தன் ஊர் உச்சரிப்போடும் பேசிக்கொண்டிருந்தார். அப்படியே 1986 வரை, 14 ஆண்டுகள்.

அத்தனை பேர் எதிர்த்தார்கள் என்பதே அவருக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது.